நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்

எங்கள் வீட்டு மாதச் செலவு நோட்டில் பால், பேப்பர், கேஸ் சிலிண்டர் வரிசையில் இரண்டு வருஷமாக ஒரு புது வரி சேர்ந்திருக்கிறது: ரோல். சாப்பிடுகிற ரோல் இல்லை. (கொல்கத்தாவில் ரோல் என்றால் பரோட்டாவுக்குள் முட்டையோ சிக்கனோ வைத்துச் சுருட்டித் தருவதுதான்.) இது கேமராவில் போடுகிற ஃபிலிம் ரோல்.

காலேஜ் படிக்கும் மகளுக்குத் திடீரென்று ஃபிலிம் பைத்தியம் பிடித்தது. "போன்ல பத்தாயிரம் படம் இருக்குப்பா, ஒண்ணையும் திரும்பிப் பாக்கறதில்ல" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. மெட்ரோ சினிமா பக்கத்துச் சந்தில் வரிசையாகப் பழைய கேமராக் கடைகள் உண்டு. ஒரு சனிக்கிழமை போய், மூன்று கடை ஏறி இறங்கி, பேரம் பேசி ஒரு பழைய யாஷிகா வாங்கினோம். கேமரா விலை பெரிதில்லை. அதற்குப் பின்னால் வருகிற செலவுதான் செலவு. யானையை வாங்கினாலும் தீனி வாங்கி மாளாது என்பார்களே, அது மாதிரி.

2012 ஜனவரியில் கோடாக் கம்பெனி திவால் மனு போட்டபோது ஃபிலிமுக்குப் பதினாறாம் நாள் காரியமே முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் அமெரிக்காவில் ரோசெஸ்டர் ஆலையில் கோடாக் ஃபிலிம் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது, இளவட்டங்கள் வாங்குகிறார்கள், விலையும் ஏறுகிறது. நான் கடைசியாக வாங்கிய கலர் ரோல் 950 ரூபாய். கழுவி ஸ்கேன் செய்ய 450. ஆக 1400. முப்பத்தாறு படம். வகுத்தால் படம் ஒன்றுக்குச் சுமார் 39 ரூபாய். இந்தக் கணக்கை மகளிடம் சொன்னேன். "அதனாலதாம்பா யோசிச்சு எடுக்கறேன்" என்றாள். பேங்க்காரன் மகள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வயதுக்காரர்களுக்கு ரோல் கழுவுவது என்றால் என்னவென்று தெரியும். தெருமுனை ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்து, மேட்டா கிளாஸியா என்று ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தால், சாயங்காலம் மேக்ஸி சைஸ் பிரிண்ட் கட்டும், அட்டை உறைக்குள் நெகட்டிவும் கைக்கு வரும். உள்ளே நடக்கிற வேலை இன்றைக்கும் அதேதான். கலர் நெகட்டிவுக்கு உலகம் முழுக்க ஒரே முறை, சி-41 என்று பெயர். டெவலப்பர் 37.8 டிகிரி சூட்டில் இருக்க வேண்டும், அதில் மூன்றேகால் நிமிஷம். பிறகு பிளீச், ஃபிக்சர், கழுவல், உலர்த்தல். சூடு கொஞ்சம் மாறினாலும் கலர் மாறிவிடும். அதனால்தான் இதைக் கடையில் கொடுக்கிறோம்.

மாறியது என்னவென்றால், கடை தெருமுனையில் இல்லை. கொல்கத்தா மாதிரி பெரிய ஊரிலேயே கலர் கழுவுகிற இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். சின்ன ஊர்களில் இருப்பவர்கள் ரோலை கூரியரில் வேறு ஊர் லேபுக்குத்தான் அனுப்ப வேண்டும். பத்து நாள் கழித்து மெயிலில் ஒரு லிங்க் வரும், படங்களை இறக்கிக்கொள்ளலாம்.

மகளின் முதல் ரோலும் அப்படித்தான் போனது. லிங்க் வந்தது. படங்கள் நன்றாகவே இருந்தன. துர்கா பூஜைக்குக் குமார்த்துலியில் சிலை செய்கிறவர்கள், டிராம், எங்கள் பில்டிங் காவலாளி. காவலாளிக்குப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுத் தரலாம் என்று பார்த்தால், அனுப்பிய ஃபைல் எல்லாம் போன் திரைக்கு மட்டும் போதுமான சைஸ். "நெகட்டிவை அனுப்புங்க, பெரிசா ஸ்கேன் பண்ணிக்கறோம்" என்று அந்த லேபுக்கு போன் செய்தோம். "நெகட்டிவா? முப்பது நாளுக்கு மேல வைக்கறதில்ல சார், கழிச்சிடுவோம்" என்றார்கள். ஃபாரத்தில் அந்தக் கேள்வியே இல்லை. யாரும் கேட்பதில்லையாம், எல்லாருக்கும் லிங்க் போதுமாம்.

எனக்கு வந்த கோபம் மகளுக்குப் புரியவில்லை. பேங்க் பாஷையில் விளக்கினேன். வீட்டுக்கடன் கேட்டு வருகிறவர் பத்திரத்தின் ஜெராக்ஸை எவ்வளவு பளபளப்பாகக் கொண்டுவந்தாலும், மூலப்பத்திரத்தைக் காட்டுங்கள் என்றுதான் கேட்போம். நெகட்டிவ்தான் மூலப்பத்திரம். பிரிண்ட், ஸ்கேன், லிங்க் எல்லாம் நகல். நகல் தொலைந்தால் இன்னொன்று எடுக்கலாம். மூலம் போனால் போனதுதான். ஜெராக்ஸ் போட்டுக் கொடுத்துவிட்டுப் பத்திரத்தைக் குப்பையில் போட்டால் விடுவோமா?

இந்த ஊரிலேயே அதற்கு ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. எஸ்பிளனேடில் போர்ன் அண்ட் ஷெப்பர்ட் என்று 19-ம் நூற்றாண்டில் தொடங்கிய ஸ்டுடியோ. வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவின் முகம் பாதி அவர்கள் பெட்டிகளில்தான் இருந்தது. 1991-ல் தீப்பிடித்ததில் அவர்கள் சேமித்து வைத்திருந்ததில் பெரும்பகுதி போயிற்று. அதன்பிறகும் இழுத்துப் பிடித்து நடத்தி 2016-ல் மூடினார்கள். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன்.

ஆகவே, வீட்டில் பிள்ளைகள் ரோல் எடுத்தால், லேபில் கொடுப்பதற்கு முன் இவ்வளவையும் கேட்டுக்கொள்ளுங்கள்:

1. நெகட்டிவ் திரும்ப வருமா? வரும் என்றால் ஆறு ஆறு படமாக வெட்டி, உறையில் போட்டுத் தரச் சொல்லுங்கள். சுருட்டி டப்பாவில் அடைத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

2. ஸ்கேன் எத்தனை பிக்சல்? "ஹை ரெசல்யூஷன் சார்" என்பது பதில் இல்லை. நீளம் இத்தனை, அகலம் இத்தனை என்று எண்ணாகச் சொல்லச் சொல்லுங்கள்.

3. கறுப்பு வெள்ளை ரோல் என்றால், அதற்கான கெமிக்கலில்தான் கழுவுகிறார்களா? சாதாரணக் கறுப்பு வெள்ளை ஃபிலிமை கலர் வரிசையில் ஓட்டிவிட்டால், படமாக நிற்கிற வெள்ளியையே பிளீச்சும் ஃபிக்சரும் சேர்ந்து எடுத்துவிடும். வெறும் கண்ணாடிப் பட்டைதான் கைக்கு வரும்.

4. விமானத்தில் ஊருக்குப் போனால், கழுவாத ரோலை செக்-இன் பெட்டியில் போடாதீர்கள். அங்கே இருக்கிற எக்ஸ்ரே பலமானது, ஃபிலிம் புகைந்துவிடும். கழுவிய நெகட்டிவுக்கு அந்தப் பயம் இல்லை.

அடுத்தது ஸ்கேன். அதை வீட்டிலேயே செய்துவிடுவது என்று முடிவு செய்து, எப்சன் வி600 ஒன்று வாங்கினேன். ஆபீசில் ஆதார் கார்டு ஸ்கேன் செய்கிற மெஷின் இதற்கு ஆகாது. அது காகிதத்தில் பட்டுத் திரும்புகிற வெளிச்சத்தைப் படிக்கும். நெகட்டிவுக்கு வெளிச்சம் ஊடுருவி வர வேண்டும். மூடியிலேயே விளக்கு இருக்கிற ஸ்கேனர் வேண்டும். அல்லது டிஜிட்டல் கேமராவில் மேக்ரோ லென்ஸ் போட்டு, வெள்ளை எல்இடி பலகை மேல் நெகட்டிவை வைத்துப் படமாக எடுக்கலாம். செல்போன் திரையை விளக்காக வைக்கிறவர்கள், நடுவில் ஒரு பால்வெள்ளை அக்ரிலிக் துண்டை இடைவெளி விட்டு வையுங்கள். இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் படத்தில் விழும்.

ஸ்கேனர் பெட்டியில் 6400 டிபிஐ என்று பெரிதாகப் போட்டிருப்பான். மயங்காதீர்கள். அவ்வளவு விவரத்தை இந்த ரக லென்ஸ் பிரித்துக் காட்டாது, ஃபைல்தான் வீங்கும். நான் 2400-ல் வைக்கிறேன். 35 மிமீ படம் 36-க்கு 24 மில்லிமீட்டர், அதற்கு 77 லட்சம் பிக்சல் வரும். ஆல்பத்துக்கும் சுவரில் மாட்டுவதற்கும் தாராளம்.

கறுப்பு வெள்ளையில் நெகட்டிவைத் தலைகீழாக்கினால் படம் வந்துவிடும். கலரில் ஒரு ஆரஞ்சுப் படலம் இருக்கும், வெறுமனே தலைகீழாக்கினால் எல்லாரும் நீலமாக நிற்பார்கள். அதைக் கழிக்க ஸ்கேனரோடு வருகிற சாஃப்ட்வேர் பெரும்பாலும் போதும். கேமராவில் எடுக்கிறவர்கள் டார்க்டேபிள் என்கிற இலவச சாஃப்ட்வேரில் நெகாடாக்டர் என்று இருக்கிறது, அதைப் பாருங்கள். தூசியை அழிக்கிற அகச்சிவப்பு வசதி கலருக்கு அருமையாக வேலை செய்யும். கறுப்பு வெள்ளையில் அதைப் போடாதீர்கள், வெள்ளித் துகளையே தூசி என்று நினைத்து முகத்தைத் தின்றுவிடும். அங்கே கையால்தான் தூசி தட்ட வேண்டும். ரப்பர் பந்து ஊதியும் மெல்லிய பிரஷும் போதும். வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும்.

படம் இடவலம் மாறாமல் வைப்பது இன்னொரு வேலை. நெகட்டிவின் மங்கலான பக்கம் ஒன்று, பளபளப்பான பக்கம் ஒன்று. ஓரத்து எழுத்து நேராகப் படிக்க வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுவும் அழிந்திருந்தால் என் மனைவி சொன்ன வழி: சேலை முந்தானை இடது தோளில் இருக்கிறதா பார், சட்டைப் பை இடப் பக்கம் இருக்கிறதா பார். இதுவரை தவறவில்லை.

ஸ்கேனர் வாங்கியது மகளின் ரோலுக்காக. ஆனால் அதற்கு உண்மையான வேலை கொடுத்தது என் அப்பாவின் பிஸ்கட் டப்பா.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். அப்பா இளவயதில் ஒரு ஆக்ஃபா கிளிக் 3 வைத்திருந்தார். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த கறுப்புப் பெட்டி. 120 ரோல், பன்னிரண்டே படம், எல்லாம் சதுரம். ஊட்டியில் 1960-ல் தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் ஆலையின் 'இந்து' ரோல்தான் அவர் வாங்கியது. அந்த ஆலை இப்போது ஓடவில்லை. அப்பா 2019-ல் போனார். 2022-ல் வீட்டைக் காலி செய்து அம்மா தம்பியோடு சென்னைக்குப் போனபோது சாமான் பிரிந்தது. ஆல்பம் எல்லாம் பெரியப்பா வீட்டுக்கு. அண்டா அத்தைக்கு. பரணில் இருந்த பிஸ்கட் டப்பாவை யாரும் கேட்கவில்லை. திறந்து பார்த்தால் பழுப்பேறிய உறைகளில் நெகட்டிவ்கள், ஒவ்வொன்றிலும் அப்பா கையெழுத்தில் ஒரு வரி. நான் எடுத்துக்கொண்டேன். சென்னையிலிருந்து கோரமண்டல் எக்ஸ்பிரஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

நம் ஊர்ச் சூட்டிலும் ஈரத்திலும் நெகட்டிவுக்கு இரண்டு நோய் வரும். ஒன்று பூஞ்சை. ஃபிலிம் மேல் பூசியிருப்பது ஜெலட்டின், பூஞ்சைக்கு அது சாப்பாடு. இன்னொன்று, அசிடேட் பட்டையே சிதைந்து புளித்துப்போவது. டப்பாவைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான். அந்த நெகட்டிவ்களைத் தனியாகப் பிரித்து முதலில் ஸ்கேன் செய்துவிட வேண்டும், தள்ளிப்போடக் கூடாது, மற்றவற்றோடு சேர்த்தும் வைக்கக் கூடாது. அப்பாவின் டப்பாவில் இரண்டு உறை அப்படிப் போயிருந்தது. மீதி தப்பித்தது. பாய் மாதிரி சுருண்டிருந்தவற்றை வெண்ணெய்க் காகிதத்துக்கு நடுவே வைத்து, மேலே தடியான புத்தகங்களை ஏற்றி இரண்டு வாரம் விட்டேன். வளைந்த ஃபிலிம் ஸ்கேனர் கண்ணாடியைத் தொட்டால் வானவில் வளையம் வளையமாக விழும். அதனால் இந்தப் பொறுமை அவசியம்.

"வள்ளி கல்யாணம் 1976" என்று ஒரு உறை. வள்ளி என் அத்தை. அந்தக் கல்யாண போட்டோ எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. வாசல் பந்தலில் மாப்பிள்ளையும் பெண்ணும், ஒரு பக்கம் தாத்தா, ஒரு பக்கம் ஆச்சி. போஸ்ட்கார்டு சைஸில் நெட்டுக்குத்தாக நிற்கிற படம். நான் பிறந்ததிலிருந்து பார்த்த படம்.

ஸ்கேனரில் வந்த படம் சதுரமாக இருந்தது. சதுர நெகட்டிவில் நெட்டுக்குத்தான போஸ்ட்கார்டு போட வேண்டுமென்றால், அகலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்ட வேண்டும். வெட்டுப்பட்ட இடது பக்கத்தில் திண்ணைத் தூண். தூணை ஒட்டி, வெள்ளைச் சேலையில் ஒரு பெண் கேமராவையே பார்த்தபடி நிற்கிறார். நெகட்டிவில் அந்த முகம் மிளகை விடச் சின்னது. பெரிதாக்கினேன். ஃபிளாஷ் இல்லாமல் காலை வெயிலில் எடுத்த படம், தெளிவாகவே இருந்தது. அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு போன் செய்தேன்.

"யாரும்மா அது?"

"கண்ணாடியப் போட்டுக்கிடுதேன், இரு." கொஞ்ச நேரம் சத்தமில்லை. "ஏல, இது நம்ம சின்னாச்சில்லா!"

சின்னாச்சி என் ஆச்சியின் தங்கை. பதினாறு வயதில் புருஷனை இழந்து அக்கா வீட்டுக்கு வந்தவர். ஆச்சி சீக்காளி, அதனால் பெரியப்பா, அப்பா, அத்தை மூன்று பேரையும் குளிப்பாட்டிச் சோறூட்டி வளர்த்தது இவர்தான். தாலியறுத்தவள் முகூர்த்தத்தில் எதிரே வரக்கூடாது என்பது அந்தக் காலத்துச் சட்டம். வளர்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு அடுக்களையில் நின்று முறுக்குச் சுட்டவர், மணவறைப் பக்கம் வரவில்லை. 1985-ல் இறந்தபோது எனக்கு ஆறு வயது. வெள்ளைச் சேலையும் பனையோலை விசிறிக் காற்றும் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. அவருக்கு போட்டோவே கிடையாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். வருஷா வருஷம் ஆடி அமாவாசைக்குத் தாத்தா, ஆச்சி படத்துக்கு மாலை போடுவோம். இவர் பெயரைச் சொல்லி ஒரு இலை மட்டும் போடுவார் அம்மா.

முழுச் சதுரத்தையும் பெரிய பிரிண்டாகப் போட்டு நாலு பேருக்கு கூரியரில் அனுப்பினேன். பெரியப்பா மகன், "இத ஏன்டா இப்பப் போயி?" என்று சங்கடப்பட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அந்த ஓரம் எதற்காக வெட்டப்பட்டது என்று அவனுக்கும் யாரும் சொன்னதில்லை. ஸ்டுடியோக்காரர் சைஸுக்காக வெட்டியிருக்கலாம், வீட்டுப் பெரியவர்கள் சொல்லி வெட்டியிருக்கலாம்.

அத்தைக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. கோவில்பட்டியிலிருந்து போன் செய்தாள். அழவெல்லாம் இல்லை. "இதுல ஒண்ணு கவனிச்சியா? சித்தி தற்செயலா விழல. எங்க நாலு பேர மட்டும் எடுக்கணும்னா சின்னண்ணன் இப்படி வலப் பக்கமா ஒதுக்கி நிறுத்தியிருக்க மாட்டான். சித்தியையும் சேத்துத்தான் எடுத்திருக்கான்" என்றாள்.

திரும்பப் போய்ப் பார்த்தேன். ஆமாம். மாப்பிள்ளையும் பெண்ணும் நடுவில் இல்லை, வலப் பக்கம் தள்ளி நிற்கிறார்கள். சதுரத்துக்குள் ஐந்து பேரும் அடங்குகிற மாதிரி அப்பா நின்று எடுத்திருக்கிறார். பிரிண்டில் இல்லாதது நெகட்டிவில் இருந்தது. நாற்பது வருஷத்துக்கு மேல் பரணில் இருந்தது. அப்பா அதைப்பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன ஆடி அமாவாசைக்குத் தம்பி வீட்டில் மூன்று படத்துக்கு மாலை போட்டார்கள்.

நம்மில் பலர் வேலைக்காக ஊரை விட்டு வந்தவர்கள். ஊர் வீடு விற்கிறபோதும் பிரிக்கிறபோதும் பித்தளைக்கும் தேக்குக் கட்டிலுக்கும் ஆள் இருக்கும். நெகட்டிவ் உறைக்கு ஆள் இருக்காது. அடுத்த தடவை போகும்போது பரணையும் பீரோ அடித்தட்டையும் ஒரு பார்வை பாருங்கள். கண்டெடுத்ததை ஈரமில்லாத டப்பாவில் போட்டு, பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து காகித உறைக்கு மாற்றி, சிலிக்கா ஜெல் பை ஒன்று போட்டு வையுங்கள். ஸ்கேன் செய்தால் வருஷமும் ஊரும் ஃபைல் பெயரிலேயே எழுதுங்கள், வேறு ஊரில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். பெயர் சொல்லத் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே போனில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதுதான் எல்லாவற்றையும் விட அவசரம். ஸ்கேன் ஆயிற்றே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள்.

கொல்கத்தாவில் இருக்கிறவர்கள், லேக் மார்க்கெட்டில் காய் வாங்கும்போது என்னைப் பார்த்தால் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் ஸ்கேனர் சும்மாதான் இருக்கிறது. கூலி வேண்டாம். நல்ல காபிப் பொடி ஒரு கால் கிலோ போதும்.